ஒரு நிமிஷத்துக்கு 720 போட்டோ... ஸ்டாப் மோஷன் படங்களை எப்படி எடுக்குறாங்க? ஊரப்பாக்கம் வீட்டு அறையிலும் எடுக்க முடியுமா?

2023 மார்ச் மாதம் நடந்த ஆஸ்கர் விழாவை தமிழ்நாட்டில் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். முதுமலை யானைக்குட்டி ரகுவையும், அதை வளர்த்த பொம்மன் - பெள்ளி தம்பதியையும் காட்டிய 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணக் குறும்படம் விருது வாங்கியது. 'ஆர்.ஆர்.ஆர்' படப் பாட்டும் விருது வாங்கியது. அந்தக் கொண்டாட்டத்தில், அதே மேடையில் கொடுக்கப்பட்ட இன்னொரு விருது நம்ம ஊரில் பெரிதாகப் பேசப்படவில்லை. சிறந்த அனிமேஷன் படத்துக்கான விருது அது. வாங்கிய படம், கில்லெர்மோ டெல் டோரோவின் 'பினோக்கியோ'.

அந்தப் படத்தில் நடந்தது, ஓடியது, அழுதது எல்லாமே நிஜ பொம்மைகள். கம்ப்யூட்டருக்குள் உருவாக்கிய உருவங்கள் இல்லை. கையால் செய்து, கையால் நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு போட்டோ எடுத்து, அந்தப் போட்டோக்களை வரிசையாக ஓட்டிய படம். படப்பிடிப்பு மட்டும் சுமார் 1,000 நாட்கள் நடந்தது. இந்த முறைக்குப் பெயர்தான் ஸ்டாப் மோஷன்.

"இதெல்லாம் ஹாலிவுட் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று தோன்றலாம். ஆனால் அனிமேஷன் வகைகளிலேயே ரொம்பக் குறைந்த செலவில் தொடங்கக்கூடியது இதுதான். ஒரு செல்போன், ஒரு மேஜை, கொஞ்சம் களிமண் போதும். ஊரப்பாக்கத்தில் ஒரு வாடகை வீட்டு அறையில்கூட எடுத்துவிடலாம். என்ன, ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு என்றால் மட்டும் கொஞ்சம் சிக்கல். அது ஏன்? இந்தப் படங்கள் உண்மையில் எப்படி உருவாகின்றன? விரிவாகப் பார்ப்போம்.

ஸ்டாப் மோஷன்னா என்ன?

பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் லேசாக மாற்றி மாற்றி ஒரு மனிதனை வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டிப் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதன் ஓடுவதுபோல் தெரியும். சினிமாவின் அடிப்படையும் அதேதான். சினிமா கேமரா ஒரு விநாடிக்கு 24 படங்களை எடுக்கிறது. அவற்றை அதே வேகத்தில் ஓட்டும்போது, தனித்தனிப் படங்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. தொடர்ச்சியான அசைவாகத் தெரிகிறது.

சாதாரண சினிமாவில் நடிகர் நடக்கிறார், கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. ஸ்டாப் மோஷனில் பொம்மை தானாக நடக்காது. அதனால் ஒரு போட்டோ எடுப்பார்கள். பொம்மையின் காலை நூலளவு நகர்த்துவார்கள். மறுபடியும் ஒரு போட்டோ. மறுபடியும் நூலளவு. இப்படி 24 முறை செய்தால் ஒரு விநாடிப் படம் கிடைக்கும்.

பல நேரங்களில் ஒரு நிலையில் எடுத்த படத்தையே இரண்டு ஃபிரேமுக்குப் பயன்படுத்துவார்கள். அப்போது ஒரு விநாடிக்கு 12 நிலைகள் போதும். அந்தக் கணக்கிலேயே ஒரு நிமிஷத்துக்கு 720 போட்டோ. முழுக்க 24 ஃபிரேம் கணக்கில் எடுக்கும் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600. ஒரு காட்சியில் நான்கு பொம்மைகள் இருந்தால், ஒவ்வொரு போட்டோவுக்கும் நான்கையும் தொட்டு நகர்த்த வேண்டும். பெரிய ஸ்டூடியோக்களிலேயே ஒரு அனிமேட்டர் ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தால் சில விநாடிகள்தான் தேறும்.

'கோச்சடையான்' மாதிரியா?

இந்தக் குழப்பம் பலருக்கு உண்டு. 2014-ல் வந்த ரஜினிகாந்தின் 'கோச்சடையான்' மோஷன் கேப்சர் முறையில் எடுக்கப்பட்டது. அதில் நடிகர்கள் உடலில் சென்சார் மாட்டிக்கொண்டு நடிப்பார்கள். அந்த அசைவை கம்ப்யூட்டர் பதிவு செய்து, உள்ளே உருவாக்கிய உருவத்துக்குக் கொடுக்கும். அசைவு மட்டும்தான் நிஜம், திரையில் தெரியும் உருவம் கம்ப்யூட்டருடையது.

ஸ்டாப் மோஷனில் அப்படியே தலைகீழ். உருவம் நிஜம், அசைவுதான் பொய். திரையில் தெரியும் நாற்காலி, ஜன்னல், சட்டை, சட்டைப் பொத்தான் வரை எல்லாமே யாரோ ஒருவர் கையால் செய்த பொருட்கள்.

பொம்மலாட்டத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொம்மலாட்டத்தில் கலைஞர் நூலைப் பிடித்து, பார்வையாளர் கண்ணெதிரே பொம்மையை ஆட்டுவிக்கிறார். ஸ்டாப் மோஷனில் பொம்மை அசையும் அந்த நொடியை மட்டும் கேமரா பதிவு செய்வதே இல்லை. அது அசையாமல் நிற்கும் நேரங்களை மட்டும்தான் எடுக்கிறது.

இந்தியாவில் யார் தொடங்கியது?

இங்கேதான் ஒரு ஆச்சரியம். இந்திய சினிமாவின் தந்தை என்று சொல்லப்படும் தாதாசாகேப் பால்கே, 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுப்பதற்கு முன்பே இந்த வேலையைச் செய்துவிட்டார். முதல் படத்துக்குப் பணம் போட ஆள் தேடிக்கொண்டிருந்த நேரம். சினிமா என்றால் என்ன என்று புரியவைக்க, ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றி, கேமராவை எதிரே வைத்து, அது முளைத்துச் செடியாகும் வரை ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்த செடி, திரையில் ஒரு நிமிஷ அளவில் விறுவிறுவென்று வளர்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பணம் கிடைத்தது.

பட்டாணிச் செடியை அவர் நகர்த்தவில்லை, அது தானாக வளர்ந்தது. இந்த முறைக்கு டைம்-லாப்ஸ் என்று பெயர். ஸ்டாப் மோஷனின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு 1915-ல் தீக்குச்சிகளைக் கையால் நகர்த்தி நகர்த்தி 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்ற குறும்படத்தை பால்கே எடுத்தார். தீக்குச்சிகளின் விளையாட்டு என்பது அதன் பொருள். ஆக, இந்தியாவில் ஸ்டாப் மோஷனுக்கு நூறு வயசு தாண்டிவிட்டது.

வெளிநாட்டில் 1912-லேயே ரஷ்யாவில் விளாதிஸ்லாவ் ஸ்டாரெவிச் செத்த வண்டுகளின் கால்களில் கம்பி வைத்து நடிக்க வைத்துவிட்டார். 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தின் ராட்சதக் குரங்கும் வில்லிஸ் ஓ'பிரையன் நகர்த்திய சின்ன பொம்மைதான். அவரைப் பார்த்து இந்தத் துறைக்கு வந்த ரே ஹாரிஹவுசன், 1963-ல் வந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாள்சண்டை போடும் காட்சியை எடுத்தார். சில நிமிஷமே ஓடும் அந்தக் காட்சியை முடிக்க நான்கு மாதங்களுக்கு மேல் ஆனது.

முதல் வேலை: குரல்

பலரும் நினைப்பதுபோல் முதலில் பொம்மையை எடுத்துக்கொண்டு உட்கார மாட்டார்கள். கதை எழுதியதும் அதை ஸ்டோரிபோர்டாக, அதாவது காட்சி காட்சியாகக் கட்டம் போட்டு வரைவார்கள். அந்தப் படங்களையே வரிசையாக ஓட்டி, எந்தக் காட்சி எத்தனை விநாடி என்று பார்ப்பார்கள். இதற்கு அனிமேட்டிக் என்று பெயர்.

அடுத்து வசனப் பதிவு. நம்ம ஊர் சினிமாவில் பெரும்பாலும் படம் எடுத்த பிறகுதான் டப்பிங். இங்கே டப்பிங் முதலில் முடிந்துவிடும். காரணம் எளிது. "அம்மா" என்று பொம்மை சொல்ல வேண்டும் என்றால், 'அ'வுக்கு வாய் எத்தனை ஃபிரேம் திறந்திருக்க வேண்டும், 'ம்'முக்கு எத்தனை ஃபிரேம் மூடியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். பதிவான குரலை ஃபிரேம் வாரியாகப் பிரித்து ஒரு அட்டவணையாக எழுதிவைப்பார்கள். படப்பிடிப்பு நாளில் அனிமேட்டரின் கையில் இருப்பது அந்த அட்டவணைதான்.

இவ்வளவு திட்டம் எதற்கு? சாதாரண படத்தில் பத்து மணி நேரம் எடுத்து, இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு மீதியை வெட்டலாம். இங்கே வெட்டி எறியும் ஒரு நிமிஷம், யாரோ ஒருவருடைய சில வார உழைப்பு. அதனால் எடிட்டிங்கில் பெரும்பகுதி படப்பிடிப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பொம்மைக்குள்ள என்ன இருக்கு?

வெளியே களிமண், ரப்பர், துணி. உள்ளே எலும்புக்கூடு. இதை ஆர்மேச்சர் என்பார்கள். பெரிய படங்களில் தோள், முழங்கை, இடுப்பு, கணுக்கால் என்று ஒவ்வொரு மூட்டிலும் சின்ன உலோகக் குண்டும் அதைப் பிடிக்கும் குழியும் இருக்கும். நம் தோள்மூட்டு எப்படி இருக்கிறதோ அப்படி. எந்தக் கோணத்தில் வைத்தாலும் அப்படியே நிற்க வேண்டும், ஆனால் விரலால் அழுத்தினால் நகரவும் வேண்டும். இறுக்கம் கூடினால் நகர்த்தும்போது பொம்மை முழுக்க ஆடும். குறைந்தால் தூக்கிய கை மெதுவாகத் தானே கீழே இறங்கும்.

செலவு குறைவான படங்களில் இதே வேலையை அலுமினியக் கம்பி செய்யும். ஆனால் கம்பியைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வளைத்தால் ஒருநாள் ஒடியும். அது பெரும்பாலும் காட்சியின் நடுவில்தான் நடக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம் பாதம். நடக்கும்போது ஒரு கால் தூக்கியிருக்கும், ஒற்றைக் காலில் பொம்மை நிற்க வேண்டும். அதற்காகப் பாதத்துக்கு அடியில் திருகாணி போடும் துளை இருக்கும். மேடையில் ஓட்டை போட்டு, கீழே இருந்து முடுக்குவார்கள். அடுத்த அடிக்கு அதைக் கழற்றி, வேறு இடத்தில் முடுக்க வேண்டும். சில ஸ்டூடியோக்கள் இதற்குக் காந்தம் பயன்படுத்தும். தாவிக் குதிக்கும் காட்சி என்றால் ஒரு கம்பியில் பொம்மையை நிறுத்தி எடுத்துவிட்டு, அந்தக் கம்பியைப் பிறகு கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள்.

முகத்துக்கு இரண்டு வழி. ஒன்று, களிமண் முகத்தையே ஒவ்வொரு முறையும் விரலால் அழுத்தி மாற்றுவது. டிவியில் 'பிங்கு' பென்குயினைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த பாணி நன்றாகவே தெரியும். இன்னொன்று, சிரிக்கும் முகம், அழும் முகம், 'ஆ' சொல்லும் வாய், 'ஓ' சொல்லும் வாய் என்று தனித்தனியாகச் செய்துவைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் கழற்றி மாட்டுவது. 1993-ல் வந்த 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' படத்தின் கதாநாயகனுக்கு மட்டும் 400 தலைகள் செய்தார்கள். 2009-ல் வந்த 'கோரலைன்' படத்திலிருந்து இந்த முகங்களை 3டி பிரிண்டரில் அச்சடித்து எடுக்கும் வழக்கம் வந்தது. அதே படத்தில் பொம்மை போட்டிருந்த குட்டி ஸ்வெட்டர், மெல்லிய ஊசிகளைக் கொண்டு ஒரு கலைஞர் கையாலேயே பின்னியது.

செட்: கொலு மாதிரி, ஆனா கொலு இல்ல

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் வீடுகளில் படிக்கு கீழே ஒரு பூங்கா, ஒரு குளம், ஒரு கிரிக்கெட் மைதானம் என்று குட்டி உலகம் ஒன்று அமைப்பார்கள் இல்லையா? ஸ்டாப் மோஷன் செட்டும் கிட்டத்தட்ட அதுதான். அட்டை, மரம், தெர்மாகோல், துணி, மணல் எல்லாம் சேரும்.

ஒரே வித்தியாசம், கொலுவில் எதுவும் லேசாக நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு குட்டிச் செடி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் திரையில் அது 'வெட்டுக்' என்று துள்ளும். அதனால் எல்லாமே ஒட்டப்பட்டிருக்கும் அல்லது அடித்து இறுக்கப்பட்டிருக்கும். அனிமேட்டர் உள்ளே கை விட வழியும் வேண்டும். எனவே சுவர்களைக் கழற்றி மாட்டும்படி செய்வார்கள்.

படப்பிடிப்பு நாளில் என்ன நடக்கும்?

உதாரணத்துக்கு, ஒரு பொம்மை கையைத் தூக்கி டாட்டா காட்ட வேண்டும். கை மேலே போக ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது 12 போட்டோ. கையை 12 சம பங்காகப் பிரித்து நகர்த்தினால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் மிஷின் மாதிரி இருக்கும், உயிர் இருக்காது.

கிளாம்பாக்கத்தில் இருந்து பஸ் கிளம்புவதை யோசித்துப் பாருங்கள். முதலில் மெதுவாக நகரும், பிறகு வேகம் எடுக்கும், நிறுத்தம் வரும்போது மறுபடி மெதுவாகும். எடை உள்ள எல்லாப் பொருளும் அப்படித்தான் நகரும். அதனால் முதல் மூன்று போட்டோவில் கை கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் பெரிய பெரிய தாவலாக, கடைசி மூன்றில் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். கை கிளம்புவதற்கு ஒரு ஃபிரேம் முன்னால் தோள் லேசாக இறங்கினால் இன்னும் நன்றாக இருக்கும். நடுவில் ஒரு முறை கண் சிமிட்ட வேண்டும். இவ்வளவும் சேர்ந்தால்தான் "பொம்மை டாட்டா காட்டுது" என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

முந்தைய போட்டோவில் கை எங்கே இருந்தது என்று எப்படித் தெரியும்? அதற்கு ஆனியன் ஸ்கின் என்ற வசதி உண்டு. வெங்காயத்தின் மெல்லிய தோல் வழியாகப் பார்ப்பதுபோல், முந்தைய படம் மங்கலாகவும் அதன்மேல் இப்போதைய படமும் திரையில் தெரியும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து நகர்த்தலாம். ஸ்டூடியோக்களில் டிராகன்ஃபிரேம் என்ற மென்பொருளை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். செல்போனில் ஸ்டாப் மோஷன் ஸ்டூடியோ என்ற செயலியிலும் இந்த வசதி இருக்கிறது.

தப்பு நடந்தா என்ன ஆகும்?

இந்தத் தொழிலின் கஷ்டம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

வரையும் அனிமேஷனில் 50-வது ஃபிரேம் சரியில்லை என்றால் அதை மட்டும் அழித்து மறுபடி வரையலாம். கம்ப்யூட்டர் அனிமேஷனில் இன்னும் சுலபம். ஸ்டாப் மோஷனில் 80-வது போட்டோ எடுக்கும்போது அனிமேட்டரின் முழங்கை கேமராவில் இடித்துவிட்டால், 79-வது இடத்துக்குத் துல்லியமாகத் திரும்பிப் போவது ஏறக்குறைய முடியாத காரியம். பொம்மையின் விரல், சட்டை மடிப்பு, விளக்கின் கோணம் எல்லாம் பழைய இடத்துக்கு வர வேண்டும். சின்ன பிசகைப் பிறகு கம்ப்யூட்டரில் சரிசெய்யலாம். பெரிய பிசகு என்றால் முதல் போட்டோவில் இருந்து மறுபடியும் தொடங்க வேண்டும்.

அதனால்தான் இந்தப் படப்பிடிப்புத் தளங்களில் சில விநோத வழக்கங்கள் உண்டு. அனிமேட்டர் கறுப்பு அல்லது அடர் நிறச் சட்டைதான் போடுவார். வெள்ளைச் சட்டை போட்டால், அவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து வெளிச்சம் எதிரொலித்து, படம் மின்னி மின்னி ஓடும். கேமரா, விளக்கு, மேஜை எல்லாம் தரையோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். யாரும் ஓடக் கூடாது, சாயக் கூடாது. ஒரு காட்சி முடியாமல் அனிமேட்டர் வீட்டுக்குப் போனால், மறுநாள் வந்து பார்க்கும்போது இரவின் குளிரிலும் ஈரத்திலும் செட் லேசாக விரிந்தோ சுருங்கியோ இருக்கும்.

நம்ம நாட்டில் யார் செய்கிறார்கள்?

2000-களின் தொடக்கத்தில் டிவி பார்த்தவர்களுக்கு அமரான் பேட்டரி விளம்பரங்களில் வந்த களிமண் பாத்திரங்கள் நினைவிருக்கலாம். அவற்றை உருவாக்கியவர் சுரேஷ் எரியத். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி-யில் படித்தவர். பிறகு மும்பையில் ஸ்டூடியோ ஈக்சாரஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்.

அந்த ஸ்டூடியோவின் 'டோக்ரி' என்ற குறும்படம் 2017-ல் வெளிவந்தது. டோக்ரி என்றால் கூடை. அப்பாவின் கைக்கடிகாரத்தைத் தவறுதலாக உடைத்துவிட்ட ஒரு ஏழைச் சிறுமி, அதைச் சரிசெய்யப் பணம் சேர்க்க மும்பை சாலையில் கூடை விற்கக் கிளம்புகிறாள். அவ்வளவுதான் கதை. சிக்னலில் கூடை விற்க வந்த ஒரு சிறுமியைப் பார்த்த அனுபவம்தான் அதற்கு விதை.

சுமார் 15 நிமிஷம் ஓடும் இந்தப் படத்தை முடிக்கப் பல ஆண்டுகள் ஆனது. நெரிசலான வீடு, சாலை, வண்டிகள், சிக்னலில் நிற்கும் மனிதர்கள் என்று நமக்குப் பழக்கமான ஒரு இந்திய நகரத்தை குட்டியாகக் கட்டி எழுப்பினார்கள். விளம்பர வேலைகளில் வரும் வருமானம்தான் ஸ்டூடியோவை ஓட்டும், இது ஆசைக்குச் செய்யும் வேலை. பல நாட்டுத் திரைப்பட விழாக்களில் படம் பாராட்டும் விருதும் பெற்றது.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. இந்தியாவில் ஸ்டாப் மோஷனை நம்பிப் பணம் போட ஆட்கள் மிகக் குறைவு. விளம்பரம் இருந்த காலத்தில் அதுதான் சோறு போட்டது. விளம்பரங்களும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸுக்குப் போன பிறகு, முழுநேரமும் இதையே செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் ஏன் இது?

இந்தக் கேள்வி 1993-லேயே வந்துவிட்டது. 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்களை முதலில் ஸ்டாப் மோஷனில்தான் எடுப்பதாக இருந்தது. அந்தப் பொறுப்பு ஃபில் டிப்பெட் என்ற அனிமேட்டரிடம் இருந்தது. நடுவில் கம்ப்யூட்டர் குழு செய்துகாட்டிய ஒரு சோதனைக் காட்சியைப் பார்த்ததும் ஸ்பீல்பெர்க் முடிவை மாற்றினார். டிப்பெட்டின் வேலையே போகும் நிலை.

ஆனால் போகவில்லை. டைனோசரை கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தவர்களுக்கு, அத்தனை டன் எடையுள்ள மிருகம் எப்படித் திரும்பும், எப்படிப் பாயும் என்று தெரியவில்லை. பொம்மையைக் கையால் நகர்த்திப் பழகியவர்களுக்குத் தெரிந்திருந்தது. சென்சார் பொருத்திய ஒரு உலோக எலும்புக்கூட்டைச் செய்து, அதை ஸ்டாப் மோஷன் கலைஞர்கள் கையால் நகர்த்த, அந்த அசைவை கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. அந்தப் படத்துக்கு டிப்பெட்டுக்கும் ஆஸ்கர் கிடைத்தது.

இப்போது அடுத்த கட்டம். களிமண் பொம்மைபோலவே தோன்றும் வீடியோவை ஏஐ சில நிமிஷத்தில் கொடுத்துவிடுகிறது. விரல் ரேகைகூட போட்டுக் கொடுக்கிறது. ஆனால் நிஜ களிமண் பொம்மையில் அந்த ரேகை ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் அதைத் தொட்டிருக்கிறார் என்பதற்கான தடயம் அது. ஸ்டாப் மோஷன் படங்களைத் தேடிப் பார்ப்பவர்கள் பார்ப்பது அதைத்தான்.

சரி, ஊரப்பாக்கம் வீட்டில் எடுக்க முடியுமா?

முடியும். 30 விநாடிப் படம் என்றால் 12 ஃபிரேம் கணக்கில் 360 போட்டோ. ஒரு போட்டோவுக்கு ஒரு நிமிஷம் என்று வைத்தால் 6 மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் புறநகர் வீட்டுக்கு என்று சில பிரச்னைகள் உண்டு.

ரயில்: ஊரப்பாக்கத்தில் தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டி ஏகப்பட்ட வீடுகள். மின்சார ரயில் போனால் பெரிய வித்தியாசம் தெரியாது. எக்ஸ்பிரஸ் ரயிலோ, சரக்கு ரயிலோ தடதடத்துப் போனால் மேஜையில் உள்ள பொம்மை லேசாக நகரலாம். ஜி.எஸ்.டி சாலையை ஒட்டிய வீடுகளில் லாரிகளால் இதே கதை. தீர்வு: ஆடும் மேஜை வேண்டாம், தரையிலேயே செட் போடுங்கள். போனையும் பொம்மையையும் ஒரே பலகையில் பொருத்துங்கள். ஆடினாலும் இரண்டும் சேர்ந்து ஆடும். ரயில் போகும்போது பொம்மையை நகர்த்த வேண்டாம், போன பிறகு ஆனியன் ஸ்கின்னில் சரிபார்த்துவிட்டுத் தொடருங்கள்.

வெயில்: ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கவே கூடாது. காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் நிழல் எங்கேயோ போயிருக்கும். 6 மணி நேர வேலை 30 விநாடியில் ஓடும்போது, நிழல் பொம்மையைச் சுற்றி ஓடும். ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டு எல்.இ.டி விளக்கு இரண்டு போடுங்கள். குண்டு பல்பு வேண்டாம், லோ வோல்டேஜில் மங்கும்.

மின்சாரம்: நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை துடிக்கும். போன் கேமராவில் ப்ரோ மோட் போய், ஷட்டர் வேகத்தை 50-ல் ஒரு பங்கு விநாடி என்று வைத்தால் இந்தத் துடிப்பு படத்தில் விழாது. ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் ஆட்டோவில் இருந்து எடுத்துவிடுங்கள். முதல்முறை எடுப்பவர்களின் படம் மின்னுவதற்கு முக்கியக் காரணம் இந்த ஆட்டோ செட்டிங்தான்.

ஃபேன்: இதுதான் பெரிய தியாகம். துணி, நூல் முடி, காகிதம் எல்லாம் ஃபேன் காற்றில் ஆடும். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் 6 மணி நேரம் உட்கார்வது கஷ்டம். பொம்மையை முழுக்க களிமண்ணில் செய்துவிட்டால், ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

களிமண்: பானை செய்யும் மண் வேண்டாம், சில மணி நேரத்தில் காய்ந்து வெடிக்கும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் எண்ணெய்ப் பதம் உள்ள மாடலிங் களிமண்தான் சரி. அது காயாது, ஆனால் சென்னை வெயிலுக்கு இளகும். பொம்மை குனிய ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கலாம். அதைக் காட்சிக்கு நடுவில் செய்யக் கூடாது.

எலும்புக்கூடு: ஹார்டுவேர் கடையில் கேட்டால் கட்டுக்கம்பி கொடுப்பார்கள். அது அடம்பிடிக்கும், சீக்கிரம் ஒடியும். அலுமினியக் கம்பி கிடைத்தால் இரண்டு இழையாக முறுக்கிப் பயன்படுத்துங்கள். வளையக் கூடாத இடங்களில், அதாவது தொடை, முன்கை, மண்டை ஆகிய இடங்களில் எம்-சீல் வைத்து இறுக்கிவிட்டால், வளைய வேண்டிய மூட்டு மட்டும் வளையும்.

முதல் படத்துக்கு மனித பொம்மையே வேண்டாம். பால்கே தீக்குச்சியில்தான் செய்தார். வீட்டில் இருக்கும் சோழி, கேரம் காயின், புளியங்கொட்டை எதுவாக இருந்தாலும் சரி. ஒரு புளியங்கொட்டை பயந்து ஓடுவதுபோலவும் இன்னொன்று துரத்துவதுபோலவும் காட்ட முடிந்துவிட்டால், அசைவின் பாடத்தில் பாதி முடிந்தது.

வேலை வாய்ப்பு எப்படி?

பிள்ளைகள் "அனிமேஷன் படிக்கிறேன்" என்று சொல்லும் வீடுகளில் வரும் கேள்வி இது. ஸ்டாப் மோஷன் மட்டும் தெரிந்தால் சென்னையில் வேலை கிடைப்பது கடினம். இங்குள்ள நிறுவனங்களில் பெரும்பாலான வேலை கம்ப்யூட்டர் அனிமேஷனும் விஎஃப்எக்ஸும்தான். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அதே நேரம், அனிமேஷன் தனக்குப் பிடிக்குமா, அந்தப் பொறுமை இருக்கிறதா என்று ஒரு மாணவர் சோதித்துப் பார்க்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை. மென்பொருள் எதுவாக இருந்தாலும் எடை, வேகம், தயக்கம் என்ற அசைவின் இலக்கணம் ஒன்றுதான். அது கையால் செய்து பார்த்தவர்களுக்கு சீக்கிரம் பிடிபடும். டிப்பெட்டுக்கு வேலை தங்கியதும் அதனால்தான். சொந்தமாக எடுத்த 30 விநாடிப் படம் ஒன்று கையில் இருந்தால், அனிமேஷன் படிப்புகளுக்கான நேர்முகத் தேர்விலும் காட்டுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

360 போட்டோவில் 200-வது போட்டோ எடுக்கும்போது போன் சரிந்து விழுந்தால், "போதும்டா சாமி" என்று எழுந்து போகிறாரா, முதல் போட்டோவில் இருந்து மறுபடி ஆரம்பிக்கிறாரா என்பது அன்று மாலையே தெரிந்துவிடும். கட்டணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.